ஒரு பிடிச் சாமைத் தவிடு

அரிசி டின்னுக்குப் பின்னால் கிடந்த துணி முடிச்சை இன்று காலை என் வீட்டுக்காரர் எடுத்து நீட்டினார். "என்ன இது, வண்டு புடிச்சிக் கெடக்குது? தூக்கிப் போட்டுடட்டுமா?" முடிச்சை அவிழ்க்கும் முன்பே மக்கிப்போன சாமைத் தவிட்டின் நெடி மூக்கில் ஏறியது. "அதத் தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மனுஷன் பயந்தே போனார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எதையும் நம்பாத நர்சம்மா ஒரு பிடித் தவிட்டுக்குக் காவல் நிற்கிறாள்.

நான் பிறவிச் சந்தேகக்காரி என்பது உனக்குத் தெரியும். கீரைக்கட்டை அவிழ்த்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைக்கு மாற்றல் வந்த அன்றே உன்னையும் சந்தேகப்பட்டேன். பக்கத்துத் துணை சுகாதார நிலையத்து நர்ஸ் நீ; அந்த மலையிலேயே பிறந்தவள். முதல் நாளே சாமைச் சோறு கொண்டு வந்தாய். என்ன காரியம் ஆக வேண்டுமோ என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். சோறு ருசியாக இருந்தது, அதையும் சொல்லவில்லை.

அந்த நாளைத்தான் மறக்க முடியவில்லை. ஆறாம் வாரத் தடுப்பூசிக்காக ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் சொந்த ஊருக்கு நடந்தேன். அங்கே ஒருத்தி, ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், மூன்றாவதாகப் பெண் பெற்றிருந்தாள். பிரசவம் பார்த்தவளே நான்தான். வாசலில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். தொட்டில் இல்லை. கொடியில் ஒரு துணிகூட இல்லை.

"கொழந்தை எங்கம்மா?"

"எங்களுக்குப் புள்ள இல்லீங்க" என்றாள். முகத்தில் ஒரு துளிக் கலக்கம் இல்லை. ரவிக்கை மட்டும் பாலில் நனைந்திருந்தது.

குழந்தையை முடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஏன் என்று உனக்குப் பிற்பாடுதான் சொன்னேன். காரிமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊரில், நான் மூன்றாவது படிக்கும்போது, அடுத்த வீட்டில் காலையில் ஒரு பெண் குழந்தை அழுதது. சாயங்காலம் அழவில்லை. "பாப்பா எங்கம்மா?" என்று கேட்ட என் வாயை அம்மா பொத்தினாள். "அது அவங்க வூட்டு வழக்கம். நமக்கெதுக்கு?" என்றாள். வழக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே அன்றிலிருந்து எனக்கு உடம்பு கூசும். போதாததற்கு, அந்தத் தடுப்பூசி நாளுக்குக் கொஞ்சம் முன்னால்தான் எனக்கும் ஆறாம் மாதத்தில் ஒன்று கலைந்திருந்தது. பெற்றதை இல்லையென்று ஒருத்தி சொன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

சிக்னல் கிடைக்கும் பாறைவரை ஓடிப்போய் உனக்குத்தான் முதலில் போன் போட்டேன். "கொழந்தை நல்லா இருக்குதுங்க்கா. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றாய். யாரிடமும் சொல்லாதே! அந்த வார்த்தை போதாதா எனக்கு? சொந்த ஊரைக் காப்பாற்ற மூடி மறைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அடுத்த போன் மேலிடத்துக்கு. உன் பெயரையும் சேர்த்தே சொன்னேன்.

மறுநாள் காலையில் ஜீப் ஏறி வந்தது. இரண்டு பெண் போலீஸ், ஒரு அதிகாரி. ஊரே கூடிவிட்டது. அவர்கள் மிரட்டிய மிரட்டலில் எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு பொம்பளை குழந்தையோடு வெளியே வந்தாள். கொழுகொழுவென்று இருந்தது. மை வைத்திருந்தார்கள். விஷயம் இவ்வளவுதான்: இரண்டு பிள்ளை தங்காத வீட்டில் மூன்றாவதை முறத்தில் போட்டு, எதிர்வீட்டுக்காரியிடம் ஒரு பிடித் தவிடு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். பிள்ளை இனி அவளுடையது. பெற்றவள் விருந்தாளி மாதிரி போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள். யார் கேட்டாலும் எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பாள். அந்த வீட்டில் பிள்ளை இல்லையென்றால் எமன் எதைத் தேடி வருவான்?

அதிகாரி விடவில்லை. "இது யார் கொழந்தை? நீயே வாயத் தொறந்து சொல்லு" என்று பெற்றவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "என்... என்னுதுங்க" என்றாள். சொன்னதும் வாயில் அடித்துக்கொண்டு அழுதாளே, அந்த அழுகையை நீயும் பார்த்தாய். அப்பாடா, குழந்தை உயிரோடு இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தது எனக்கு. அதைவிட வெட்கமாக இருந்தது.

ஜீப் வந்துபோன பத்தாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு ராத்திரி ஊரே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது நியாயமான பார்வை. பிழைத்துக்கொண்டது. பிழைக்காமல் போயிருந்தால் நான் இந்த வேலையில் இருந்திருக்கமாட்டேன். உனக்கு மெமோ வந்தது. யார் சொல்லி வந்தது என்று நீ கேட்கவே இல்லை. ஒருநாள் பஸ்ஸில் வரும்போது மட்டும், "எங்கிட்டதானுங்க்கா மொதல்ல கேட்டீங்க. கேட்டுட்டு ஏன் நம்பலே?" என்றாய். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

பிறகு ஒருநாள் நானே சண்டைக்கு வந்தேன். வழக்கம் வழக்கம் என்று விட்டால் எங்கள் ஊரில் நடந்ததையும் விடவேண்டியதுதானே, அதுவும் வழக்கம்தானே என்று கத்தினேன். நீ கோபப்படவில்லை. "சந்தேகப்படுங்க்கா, வேணாங்கல. ஆனா வூட்டுக்குள்ள வந்து உக்காந்து பாத்துட்டுச் சந்தேகப்படுங்க. ரோட்ல நின்னு படாதீங்க" என்றாய். அப்புறம் சும்மா இருக்காமல், "உங்கப்பாவுக்கு எதுக்கு மூக்கு குத்தியிருக்குது?" என்று கேட்டாய். என்னைப் பார்க்க வந்தவரை நீ ஒரே தடவைதான் பார்த்திருந்தாய்; எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அப்பா பெயர் பிச்சமுத்து. மூக்கில் தூர்ந்துபோன ஒரு துளை. அவருக்கு முன்னால் பிறந்த மூன்று தங்கவில்லையாம். குப்பையில் போட்டு எடுத்து, பிச்சை என்று பெயர் வைத்து, மூக்குக் குத்தினார்களாம். ஊருக்குப் போய்க் கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும். முப்பது வருஷம் அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன். அதை ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

எனக்குப் பெண் பிறந்த பதினோராம் நாள் நீ வந்தாய். கையில் இந்த முடிச்சு. "முறம் இருக்குதுங்களா?" என்றாய், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் முழித்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். தவிட்டை என் மடியில் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாய். "அஞ்சு வயசு வரைக்கும் இது என் புள்ள. அப்புறம் ஒரு புதுத்துணி குடுத்து நீங்களே வந்து கேட்டு வாங்கிக்கங்க" என்றாய். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மெமோ விஷயத்தை அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உனக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்தேதான் வந்தாயோ? இந்தச் சந்தேகம் மட்டும் இனித் தீராது.

போன மழைக்காலத்தில் காமாலை உன்னைக் கொண்டுபோனது. ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்த நீ, உன் கண் மஞ்சளானதைக் கவனிக்கவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

வரும் தையில் இவளுக்கு ஐந்து வயது. புதுத்துணி வாங்கி வைத்திருக்கிறேன். யாரிடம் போய்க் கேட்பது? மலையை விட்டு மாற்றலாகி வந்துவிட்ட நான், வெட்கத்தை விட்டு, அன்று அழுத அந்தத் தாய்க்கே போன் போட்டேன். அவள் மகள் இப்போது இரண்டாவது படிக்கிறாள். "கேக்காதீங்க நர்சம்மா. வாங்குனவ போயிட்டா புள்ள அவளோடதுதானுங்க. எந்தக் கொறையும் வராது" என்றாள். இப்படி ஒரு வழக்கம் நிஜமாகவே உண்டா, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாளா? வழக்கம்போலச் சந்தேகம். துணியோடு மலைக்குப் போய் அவள் வீட்டுக்குள் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும்.

இன்று மத்தியானம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா இவள் கன்னத்தைக் கிள்ளி, "லட்சணமா இருக்குதே, உங்க புள்ளைங்களா?" என்று கேட்டாள். மடியில் இருந்தவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எங்களுக்குப் புள்ள இல்லீங்க" என்றேன். "மலையில எந்தங்கச்சி ஒருத்தி இருந்தா. இது அவ புள்ள."