புலியடி முத்திரையோடு போன ஓலை

மழை தவறாது பொழிக. விளைவு பெருகுக. காரைவள நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் மாவண்கோப் பெருமானடிகளின் கொற்றம் நிலைபெறுக. அப்பெருமானடிகளின் திருமந்திர ஓலைநாயகனும், அரண்மனை முத்திரைகள் இரண்டுக்கும் காவலனும், அக்காவலில் அண்மையில் தவறியவனுமாகிய பொற்காரி, முகத்துறைப் பட்டினத்தின் அதிபதியும், அத்துறையில் நிற்கும் கலங்கள் அனைத்துக்கும் தலைவரும், தன் தமக்கையின் கொழுநருமாகிய வெள்ளங்குமரனார்க்கு விடுக்கும் ஓலை. அத்தானுக்கும் தமக்கைக்கும், துறையில் கட்டிய கலங்களுக்கும், அவற்றின் மேல் அமர்ந்து எச்சமிடும் நாரைகளுக்கும்கூட நலம் உண்டாகுக.

முதற்கண் பிழையைச் சொல்லிவிடுவது நன்று. பிறர் வாய்வழி வந்தால் அது இன்னும் கொழுத்து வரும். ஓலைச்சாலையில் முத்திரைகள் இரண்டு உள்ளதைத் தாங்கள் அறிவீர்கள். நட்பு நாடுகளுக்குச் செல்லும் ஓலைக்குக் குடை முத்திரை. திறை கட்டவேண்டிய நாடுகளுக்குப் புலியடி முத்திரை. புலியடியைக் கண்டவர்கள் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும், ஏன் என்று கேட்கலாகாது என்பது மரபு. சென்ற வைகாசியில் பவழத்திட்டுத் தீவின் தலைவர்க்கு ஓர் ஓலை எழுதி, அதற்கு அரக்கு உருகிக்கொண்டிருந்த வேளையில், ஓலைநாயகன் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தான். பிசின் பட்ட கை எந்த முத்திரையின் மேல் விழுந்ததோ, அதுவே கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை இட்டான். இட்டதைப் பார்க்கவில்லை. அடுத்த சுளையைப் பார்த்தான்.

இந்த உண்மை அவனுக்கு நேற்றுத்தான் தெரிந்தது. இடைப்பட்ட மூன்று திங்களும் அவன் பட்ட பாட்டை அத்தான் பொறுமையோடு படிக்க வேண்டுகிறான். தாங்கள் விடுத்த நான்கு ஓலைகளையும் அவன் பொறுமையோடு படித்திருக்கிறான்.

இளவரசி அல்லியங்கோதையார் பன்னிரண்டு ஆண்டுக் கல்வியை முடித்தார். வருகிற புரட்டாசி முதல் நாளில் வடமண்டலத்தின் ஆட்சிப் பீடத்தில் அமரவேண்டியவர் அவர். அப்பீடத்தில் அமர்ந்தவர் வாழ்நாள் முழுதும் கோட்டை அகழியைத் தாண்டலாகாது என்பதும் மரபு. ஆகவே, அமருமுன் ஓராண்டு மட்டும் கடல் கடந்து சென்று, வேற்று நாடு கண்டு, அங்குள்ளவர்க்கு ஏதேனும் ஊழியம் செய்து வர விடை தரவேண்டும் என்று தந்தையாரை வேண்டினார். பெருமானடிகள் மூன்று நாள் யோசித்தபின் இசைந்தார். ஆயின் ஒரு நிபந்தனை வைத்தார்: பவழத்திட்டுக்குப் பாய் விரிக்கும் காற்று ஆவணியோடு நின்றுவிடும், அதற்குள் தம் மகள் அங்கே செய்யப்போகும் வேலை இன்னது என்று யாரேனும் ஒரே வாக்கியத்தில் சொல்லவேண்டும், சொன்னால் பயணம், இல்லையேல் பீடம்.

எளிய நிபந்தனை என்றே ஓலைநாயகன் எண்ணினான். பவழத்திட்டில் நோயாளர் தங்கும் ஆதுலர் சாலை ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டு, அங்கே எங்கள் இளவரசி என்ன ஊழியம் செய்யலாம் என்று பணிவோடு வினவித்தான் அந்த ஓலையை எழுதினான். பணிவுக்குக் கீழே புலியடி இருந்தது.

முதல் மறுமொழி, தங்கள் சித்தம் எங்கள் பாக்கியம் என்று வந்தது. வேலை என்ன என்று மீண்டும் கேட்டான். நூறு நோயாளரைத் திரட்டி வைத்திருக்கிறோம், போதாவிடில் தெரிவித்தருள்க என்றார்கள். நோயாளர் எண்ணிக்கையை யாம் கேட்கவில்லை, செய்யவேண்டிய வேலையைக் கேட்டோம் என்று மூன்றாம் முறை எழுதினான். நோய் தொற்றாத வகையினரை மட்டுமே பொறுக்கி எடுத்துள்ளோம், அனைவரையும் நீராட்டிப் புத்தாடை உடுத்தியுள்ளோம், உயரம் நிறம் பற்றி விருப்பம் உண்டெனில் அறிவித்தருள்க என்று வந்தது. இத்தனை மரியாதையான மக்களை உலகில் எங்கும் கண்டதில்லை என்று அந்த மூடன் அமைச்சர் அவையில் வியந்தும் பேசினான்.

இதற்கிடையே அரண்மனையார் தம் பங்குக்கு உதவினார்கள். ஊழியம் செய்யப்போகிறவருக்கு ஊழியம் செய்ய நாற்பது பேர் என்றார் அந்தப்புரத் தலைவி. நாற்பது பேருக்குச் சமைக்கப் பன்னிரண்டு பேர் என்றார் மடைப்பள்ளியார். ஒரு யானையாவது போகாவிட்டால் நாட்டுக்கு இழுக்கு என்றார் படைத்தலைவர். அந்த யானையை எந்தக் கலத்தில் ஏற்றுவது, அது வழியில் குமட்டினால் என் செய்வது என்று தாங்கள் நான்கு ஓலை விடுத்தீர்கள். யானைக்குக் கடற்குமட்டல் உண்டா என்பதை ஓலைநாயகன் மூன்று மருத்துவரிடம் விசாரித்தான். அவர்களும் நேராகப் பதில் சொல்லவில்லை.

சரி, போகிறவரையே கேட்போம் என்று இளவரசியிடம் போனால், பயன்படவேண்டும் என்று தோன்றுகிறது என்றார். எதற்கு என்று கேட்டால் சாளரத்துக்கு வெளியே பார்த்தார். நாள் குறைகிறதே என்றதற்கு மட்டும், குரல் இறங்கி, "அகழிக்கு அந்தப் பக்கம் நான் பார்க்கப்போறது இந்த ஒரு வருஷம்தான் ஓலை மாமா. எப்படியாவது ஒரு வழி பண்ணுங்க" என்றார். ஏழு வயதில் ஓலைச்சாலையின் அரக்கையெல்லாம் உருக்கிக் குருவி செய்து காய வைத்த பெண் அது. அன்று ஓலைநாயகன் மதிய உணவு கொள்ளவில்லை. அந்தச் செய்தி தமக்கைக்குத் தெரியவேண்டாம்.

நேற்றுக் காலை, காற்று நிற்க ஒன்பது நாள் இருக்கையில், கருவாட்டுத் தோணி ஒன்றில் வந்திறங்கிய பெண்பிள்ளை ஒருத்தி காவலரைத் தாண்டி ஓலைச்சாலைக்குள் நுழைந்தாள். பெயர் கொழுமி; பவழத்திட்டு ஆதுலர் சாலையை நடத்தும் மருத்துவச்சி. வைகாசியில் போன ஓலையை மடியிலிருந்து எடுத்துப் பலகையில் போட்டு, இதை எழுதியவர் யார் என்று கேட்டாள். ஓலைநாயகன் தானே என்று சொல்லித் தன் பட்டங்களையும் உரைத்தான். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"சரி. சீக்காளிங்களைத் திறையாக் கேட்கிற ராசாவை நான் இப்பத்தான் பார்க்கிறேன். எதுக்கய்யா உங்களுக்கு?"

திறையாவது ஒன்றாவது, யாம் வினவியது இன்னது என்று அவன் விளக்கத் தொடங்கினான். அவள் ஓலையைத் திருப்பி, அரக்கை அவன் மூக்குக்குக் கீழே பிடித்தாள். காட்டில் நேரே வந்த புலிகூட அத்தனை தெளிவாகக் கால் பதித்திராது.

சிரித்துச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தவனை அவளுடைய அடுத்த சொல் அடக்கிற்று. "காய்ச்சல் விட்டு எழுந்து வீட்டுக்குப் போனவங்களை இழுத்தாந்து திரும்பப் படுக்க வெச்சிருக்காரு எங்க தலைவரு. நூறு குறையக் கூடாதாம். அப்படிப் படுத்ததுல ரெண்டு பேருக்கு நெசமாவே காய்ச்சல் வந்துருச்சு. நான் கட்டு மாத்தறதா, உங்க நூறை எண்ணிக்கிட்டு நிக்கறதா?"

ஓலைநாயகன் உடனே திறையோலையை நீக்கும் ஓலையை எழுதி, பிழை தன்னுடையது என்றும் அதில் குறித்து, குடை முத்திரை இட்டு, முதலில் கிடைத்த தோணியில் அனுப்பினான். அதன்பின், மூன்று திங்களாக நாடெங்கும் கேட்ட கேள்வியை, அதாவது அங்கே வேலை என்ன என்பதை, அவளிடம் கேட்டான்.

கட்டுத்துணி அலசவேண்டும், வெந்நீர் வைக்கவேண்டும், வலியில் புலம்புகிறவர் பக்கத்தில் உட்காரவேண்டும் என்றாள். நாற்பது பேர் வந்தால் அவர்களுக்குச் சோறாக்கவே தீவில் ஆளில்லை என்றாள். யானையைப் பற்றி அவள் சொன்னதை இவ்வோலையில் எழுதவியலாது.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்த இளவரசி அப்போது உள்ளே வந்தார். கொழுமி அவருடைய கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். உனக்கு என்னம்மா தெரியும் என்று கேட்டாள். இலக்கணம், வானநூல், வாட்போர் என்று தொடங்கியவர் நான்காவதில் நின்றார். கொழுமி கையை விடவில்லை.

"ஒண்ணும் தெரியாது அக்கா. கத்துக்கிறேன்."

மூன்று திங்கள் அவரிடம் முட்டிமோதியும் ஓலைநாயகன் பெறாத விடை அது. அதை எடுத்துக்கொண்டு பெருமானடிகளிடம் ஓடினான். தங்கள் திருமகளார் கட்டுத்துணி அலசுவார் என்று ஒரே வாக்கியத்தில் விண்ணப்பித்தான். அரசியார் எழுந்து உள்ளே சென்றார். பின்னர், சொன்ன சொல் சொன்னதே, பெண் போகட்டும் என்று கட்டளை பிறந்தது. வடமண்டலப் பீடம் அடுத்த புரட்டாசி வரை காத்திருக்கும். ஓலைச்சாலைக்குள் பலாப்பழம் இனி வரலாகாது என்று இரண்டாம் கட்டளையும் உடன் பிறந்தது.

ஆதலின், முகத்துறை அதிபதியார் அறிந்து செய்யவேண்டியது: யானைக்கெனப் பெருங்கலத்தில் அடித்த பலகைகளைப் பிரித்துவிடுக. நாற்பதின்மரும் பன்னிருவரும் துறைக்கு வந்தால் மோர் கொடுத்துத் திருப்பியனுப்புக. வளைவு, வாத்தியம், ஆலத்தி எதுவும் கூடாது. வருகிற வெள்ளிக்கிழமைக் காற்றில் கருவாட்டுத் தோணியில் இருவர் ஏறுவர். இளவரசியார் தம் மூட்டையைத் தாமே சுமந்து வருவார், யாரும் வாங்கலாகாது. அவர் தடுமாறினால் தாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்க. நாரத்தங்காய் ஊறுகாய்ச் சாடி ஒன்று மட்டும் ஓலைநாயகன் பொருட்டு ஏறும். சாலையில் எல்லாருக்கும் பகிர்ந்து தருவதாயின் ஏற்றலாம் என்று கொழுமி இசைந்துள்ளாள். இது கட்டளை, இதில் ஏதும் கூட்டவும் குறைக்கவும் வேண்டா. ஐந்தாம் ஓலையும் வேண்டா.

இவ்வளவில் ஓலையை முடித்து அரக்கு உருக்க வைத்தபோது, கொழுமி எதிரே அமர்ந்து எந்த முத்திரையை எடுக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓலையில் இன்னும் நான்கு விரல் இடம் இருந்தது. எங்கள் பெண் உங்களுக்கு உண்மையில் பயன்படுவாளா என்று, இம்முறை பட்டம் எதுவும் சேர்க்காமல், ஓலைநாயகன் கேட்டான். அவள் சொன்னது சொன்னபடியே இங்கு எழுதப்படுகிறது.

"மொத ஆறு மாசம் பாரம்தான் அய்யா. அவளைப் பார்த்துக்கவே எனக்கு ஒரு ஆள் வேணும். அப்புறம் பாதி ஆள் ஆவா. வருசம் முடியறப்ப முழு ஆளா இருப்பா. அப்பப் பார்த்து நீங்க கூட்டிக்கிட்டுப் போயிருவீங்க."

குடை முத்திரை. கை கழுவி, இருமுறை பார்த்து இட்டது.