பின்சுவரின் புகைப்படம்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? வேளாவேளைக்குச் சாப்பிடு. விண்ணப்பம், விண்ணப்பம் என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

கடிதத்தைப் பார்த்ததும், "இவருக்கு என்ன வந்தது, போன் இல்லையா?" என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. போன் இருக்கிறது. நாலு நாளாகப் போனில் சொல்லத்தான் பார்க்கிறேன். உன் குரல் கேட்டதும் உன் மருமகளுக்கு முன்பல் விழுந்த கதையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். நேற்று நீயே, "இதை இன்னும் எத்தனை தடவை அண்ணா சொல்லுவே?" என்று சிரித்தாய். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, நானும் மழுப்ப முடியாது.

மேல்படிப்புக்கு அனுப்பும் போர்ட்ஃபோலியோவுக்காக, நீ வரைந்து நான் கட்டிய மில் விடுதியின் பின்சுவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி மூன்று தடவை கேட்டுவிட்டாய். நான் முன்பக்கத்தை அனுப்பினேன், மாடிப்படியை அனுப்பினேன், வெட்கம் கெட்டுப் போய்த் தண்ணீர்த் தொட்டியைக்கூட அனுப்பினேன். "அவ்வளவு பெரிய கட்டடத்தைக் கட்டத் தெரியுது, அதைச் சுத்திப் பின்னாடி போகத் தெரியலையா உனக்கு?" என்று கத்தினாய். போனேன் பாப்பா. அங்கே படம் எடுக்க ஒன்றும் இல்லை. நீ வரைந்த ஆறு ஜன்னல்களும் இல்லை. அடைத்தாகிவிட்டது. அடைத்தவன் நான்தான்.

உன் ஆபீஸ் உன்னை இப்போது இருக்கும் ஊருக்கு அனுப்பி அப்போது பத்து நாள்கூட ஆகியிருக்காது. பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. மில் முதலாளி வந்து பின்பக்கம் நின்று பார்த்தார். "பொம்பளைப் பிள்ளைங்க தூங்குற இடத்துக்குத் தெருவைப் பார்த்து ஜன்னல் எதுக்கு மேஸ்திரி? வேலைக்கு வர்றாங்களா, வேடிக்கை பார்க்க வர்றாங்களா?" என்றார். தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். "கட்டடம் என்னுதா, உன் தங்கச்சியுதா?" என்று கேட்டார். சரி, அடைத்துவிடுகிறேன் என்றேன். அடுத்த கட்டட வேலையும் அவரிடம்தான் என்று ஆசை.

இரண்டே நாள். ஜன்னல் சட்டங்களைப் பெயர்த்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்துப் பூசி விட்டேன். ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் லிண்டல்களை மட்டும் எடுக்கவில்லை, எடுத்தால் மேலே சுவர் விரிசல் விடும். உன்னிடம் சொன்னால் ரயில் ஏறி வந்து நிற்பாய் என்று தெரியும். அதற்காகவே சொல்லவில்லை. ஜன்னலை அடைப்பது உலகத்தில் நடக்காத காரியமா என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வெட்டி நியாயம்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்த விடுதியில் தீப்பிடித்தது. செய்தி உன் கண்ணில் பட்டிருக்காது, மூன்று வரிதான் போட்டிருந்தார்கள், விடுதி யாருடையது என்றுகூட இல்லை. மாடிப்படிக்குக் கீழே நீ காலியாக விட்டிருந்த இடத்தில் துணிக்கழிவு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சின்னத் தீதான். பக்கத்து ஒர்க்‌ஷாப் ஆட்களே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார்கள். ஆனால் புகை முழுக்க மாடிப்படி வழியாக மேலே ஏறிவிட்டது. மேலே ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்த பதினோரு பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பேரை இழுத்து வந்து பிழைக்க வைத்தார்கள். இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருத்திக்கு இருபத்திரண்டு வயது, இன்னொருத்திக்குப் பத்தொன்பது. உடம்பில் ஒரு தீக்காயம் கிடையாது. புகைக்குத் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் பின்சுவர் ஓரமாக விழுந்து கிடந்தார்கள். தகவல் வந்ததும் ஓடினேன்; தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன்.

ஜன்னலை அடைத்தது ஒரு பாவம் என்றால் தீப்பிடித்த மறுநாள் செய்தது இன்னொன்று. போலீஸ் கூப்பிட்டது. முதலாளியின் இன்ஜினியர் கூடவே வந்தார். அவரே வாக்குமூலத்தை எழுதி என்னிடம் நீட்டினார். "படத்துல இருந்தபடி கட்டினேன்னு இருக்கு, அவ்வளவுதான். சும்மா பயந்து சாகாம கையெழுத்துப் போடு மேஸ்திரி" என்றார். இருபத்தாறு வருடமாக யார் என்ன குறை சொன்னாலும் நான் சொல்லும் பதில் அது. படத்தில் இருந்தபடி கட்டினேன். நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன். அந்தப் பழக்கத்தில் போட்டுத் தொலைத்தேன். வெளியே வந்து டீ கிளாசை வாயில் வைக்கும்போதுதான் உறைத்தது. படத்தில் இருந்தபடி என்றால் படத்தில் ஜன்னலே இல்லை என்று அர்த்தம். படம் வரைந்தது நீ. என் தலையைத் தப்பவைக்க உன் தலையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், மடப்பயல்.

அவர்களும் சும்மா இல்லை. ஜன்னல் இல்லாத ஒரு படத்தை எங்கேயோ வரைந்து, கீழே உன் பெயரைப் போட்டு, விசாரணை அதிகாரியிடம் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் பத்துப் பதினைந்து நாளில் உனக்கு நோட்டீஸ் வரும். அது நிலைத்தால் உன் ஆர்க்கிடெக்ட் பதிவு போகும், நீ ஆசைப்படும் கல்லூரி உன் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்காது. இரண்டு உயிரைக் குடித்த கட்டடத்தை வரைந்தவள் என்று உன்னைச் சொல்லுவார்கள்.

வருகிற திங்கட்கிழமை நான் அதிகாரியிடம் போய் உள்ளதைச் சொல்லப் போகிறேன். ஆனால் முதலில் ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது மாற்றிப் பேசும் கொத்தனின் வாய்ச்சொல் எடுபடாது. வக்கீல் அப்படித்தான் சொன்னார். உன் ஆபீசில் இருக்கும் அசல் படம் வேண்டும், தேதியோடும் முத்திரையோடும். உடனே எடுத்து அதிகாரிக்கு அனுப்பு. சீக்கிரம் அனுப்பினால்தான் சுவரைத் தட்டிப் பார்க்க வருவார்கள், லிண்டல்கள் ஆறும் உள்ளே இருக்கின்றன. முதலாளி அந்தச் சுவரையே இடித்துப் புதிதாக எழுப்ப ஆள் தேடுகிறார். என்னையே கேட்டார் என்றால் பார்த்துக்கொள்!

கல்லூரிக்காக உன்னைப் பற்றி எழுதின பக்கத்தைப் போன மாதம் போனில் வாசித்துக் காட்டினாயே, "என் படத்தில் ஒரு கோடுகூட மாறாமல் கட்டித் தந்தவர் என் அண்ணன்" என்று. உன் அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் "சரி சரி, வேலை கிடக்கு" என்று வைத்துவிட்டேன். அந்த வரியை அடித்துவிடு. பக்கம் குறைந்தால் வேறு ஏதாவது எழுது. ஆனால் விண்ணப்பத்தை நிறுத்தாதே. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். அண்ணன் ஜெயிலில் இருக்கும்போது நான் எப்படிப் படிப்பேன் என்று ஆரம்பித்தாயானால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நீ படித்துவிட்டு வந்து கட்டு. எவன் வந்து கேட்டாலும் ஜன்னலை அடைக்காத மேஸ்திரியாகப் பார்த்து வைத்துக்கொள்.

நல்லபடியாக இரு. உனக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
அண்ணன்

பாப்பா,

அண்ணி எழுதுகிறேன். கவரை ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு உன் அண்ணன் குளிக்கப் போயிருக்கிறார். படித்துவிட்டேன். நான்தான், நான்தான் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஆறு ஜன்னலுக்கும் செங்கல் சுமந்ததும் கலவை கலந்து கொடுத்ததும் யாராம்? என்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்.

படத்தை அனுப்பாதே என்று எழுதத்தான் நேற்று பேனாவை எடுத்தேன். மறைக்க மாட்டேன். அவர் உள்ளே போய்விட்டால் உன் மருமகளிடம் நான் என்ன சொல்லுவேன்? நேற்று முழுக்க இதே நினைப்பு.

இன்று காலை அவருக்குத் தெரியாமல் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் அம்மாவைப் பார்க்கப் போனேன். நான் யார் என்று சொல்லவில்லை. கூட வேலை செய்கிறவள் என்று நினைத்து உட்காரச் சொன்னாள். "அந்த ரூம்ல ஜன்னல் இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள். என்னையும் அறியாமல், "இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம் ஏம்மா என் பொண்ணு அதைத் திறக்கலை? அவ்வளவு விவரம் கெட்டவ இல்லையே அவ" என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பெற்றவள் மகளைத் திட்டிக்கொண்டே மிச்ச நாளைக் கழிக்கக் கூடாது பாப்பா. படத்தை அனுப்பிவிடு. அதிகாரிக்கு நான் செங்கல் சுமந்ததையும் எழுது, உன் அண்ணனிடம் சொல்லாதே. முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பி வந்து, அவர் போவதற்கு முன்னால் ஒரு வேளை அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போம்மா.

அண்ணி