சின்னக்கண் வலை

சேசு துணை.
மணமேல்குடி, ஜூன் 1958

அன்புள்ள மச்சானுக்கு,

ஞாயிறு பூசைக்குப் பின் கோயில் வாசலில் கூடியவர்கள்: பங்கிராஸ் மாமா, இருதயநாதன் அண்ணன், உங்கள் தம்பி, பெண்களில் நான் மட்டும். நீங்கள் பின்னிவைத்துப் போன சின்னக்கண் வலை குஞ்சுமீனையும் அள்ளிவிடுகிறது, கரையில் மீன் குறைந்துவிட்டது, அதனால் அதை எரித்துவிட வேண்டும் என்று பேச்சு.

"அண்ணன் கொழும்புலேர்ந்து வந்து சொல்லட்டும்" என்றார் தம்பி.

"வந்தாத்தானே. மூணு வருசமாச்சு" என்றார் மாமா.

மூன்று வருஷமும் ஐந்து மாதமும் என்று நான் திருத்தவில்லை.

"இனி அது கடலுக்குப் போகாது, நான் பொறுப்பு. ஆனா பின்னுன கையே வந்து எரிக்கட்டும்" என்றேன். கிறிஸ்மஸ் வரை தவணை கொடுத்தார்கள். நான் வலைக்காக மட்டும் கேட்கவில்லை என்பது மாதாவுக்குத் தெரியும்.

வருவீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி