அம்மாவுக்காகப் பழகிய மூச்சு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். இருவரும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்ப்பாள், நானும் எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று மழுப்பிவிடுவேன். வெளியே போய்ப் பேசலாம்தான், ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்குச் சொல்ல வராது. அதனால்தான் இந்தக் கடிதம். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பித் தருகிறேன் என்றிருக்கிறார்.

நூற்பாலையில் பஞ்சுத் தூசிக்குள் நின்று நின்று அம்மாவின் நுரையீரல் கெட்டுப்போனது உனக்குத் தெரியும். போன வருடம் டாக்டர், மருந்தோடு யோகாவும் மூச்சுப் பயிற்சியும் தினமும் செய்யட்டும், நுரையீரல் பழையபடி ஆகாது, ஆனால் இருக்கிற மூச்சைச் சிக்கனமாகச் செலவழிக்கப் பழகலாம் என்றார். நூலக மாடியில் வகுப்பு நடக்கிறது. நடத்துகிறவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர், எல்லாரும் விசில் சார் என்றுதான் கூப்பிடுவார்கள், யோகா சொல்லித்தரும்போதும் கழுத்தில் விசில் தொங்கும், எதற்கென்று அவருக்கே தெரியாது. தனியாகப் போகமாட்டேன் என்று அம்மா முரண்டு பிடித்தாள், சரி என்று துணைக்கு நானும் பாயை விரித்தேன். காலமெல்லாம் பஸ் ஓட்டிய உடம்பு, குனிந்தால் முட்டிவரைதான் கை போனது, கால் கட்டைவிரல் உன்னைவிடத் தூரத்தில் இருந்தது. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, சிரித்ததில் இருமி, இருமியதில் கண்ணீர் வந்து, ஒரே கூத்து.

அப்புறம் நடந்ததைக் கேள். எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, டாக்டர் பரிசோதித்துப் பார்த்து மாத்திரையைக் குறைத்துவிட்டார். பிரஷரும் அடங்கியிருக்கிறது. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து இறுகிப்போன தோள் இளகிவிட்டது, படுத்தால் தூக்கம் வருகிறது, வள்ளென்று விழுவதும் குறைந்துவிட்டதாக அம்மாவே சொல்கிறாள். யாருக்காகப் போனேனோ அவளுக்குத்தான் நாளுக்கு நாள் இறங்குமுகம். வகுப்பில் சேர்ந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தாள், சமையல் முடிக்கும்வரை உட்காராமல் நிற்க முடிகிறது என்று சந்தோஷப்பட்டாள். மழைக்காலம் வந்ததும் மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டாள். இப்போது வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின். மூக்கில் குழாயோடு அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, எதிரே நான் வளைந்து நிமிர்ந்துகொண்டிருப்பது எனக்கே கூச்சமாக இருந்தது. அவளுடைய ஆரோக்கியத்தையும் சேர்த்து நானே எடுத்துக்கொண்ட மாதிரி. ஒருநாள் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன். விசில் சார் தேடி வந்து கேட்டபோது முதுகு வலி என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

போன வாரம் காலையில் கரண்ட் போய் மெஷின் நின்றுவிட்டது. மாற்றாக வைத்திருந்த சிலிண்டரைத் திறக்கப் பார்த்தால் திருகு அசையவில்லை. ஜன்னல் வழியே எலக்ட்ரீஷியனைக் கத்திக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினேன், அம்மா இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பயத்தில் மூச்சை இழுத்துக்கொண்டே இருக்கிறாள், விட மறந்துவிட்டாள். இழுப்பதை விடுங்கள், விடுவதைக் கவனியுங்கள் என்று விசில் சார் ஓயாமல் சொல்வாரே, அது ஞாபகம் வந்தது. அவள் முன்னால் மண்டி போட்டு, அவள் உள்ளங்கையை என் வயிற்றில் வைத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதினேன். கொஞ்ச நேரத்தில் அவளும் ஊதினாள். என் மூச்சின் பின்னாலேயே அவள் மூச்சு வந்தது. எலக்ட்ரீஷியன் ஓடிவந்து ஸ்பேனர் போட்டுச் சிலிண்டரைத் திறக்கும்வரை அப்படியே இருந்தோம்.

தெளிந்ததும் அவள் கேட்டது இதுதான். "பாயை எதுக்குச் சுருட்டி வச்சீங்க? நான் கெட்டுப்போறேன்னு நீங்களும் கெட்டுப்போகணுமா? நாளைக்கு என்னைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வேணாமா? உங்க முதுகு நல்லா இருந்தாத்தாங்க எனக்குத் தைரியம்."

மறுநாள் பாயை மறுபடி விரித்தேன். கால் வளையுது, நேரா நீட்டுங்க என்று நாற்காலியிலிருந்தே அதட்டுகிறாள், விசில் ஒன்றுதான் குறை. நேற்று அவளைக் குளிக்கத் தூக்கிக்கொண்டு போனேன். முதுகு கொஞ்சமும் வலிக்கவில்லை பாப்பா. வலித்திருந்தால் தேவலை என்றிருந்தது, அவ்வளவு லேசாகிவிட்டாள்.

டாக்டர் என்னைத் தனியே அழைத்து, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார். நம் வீட்டில் அப்படி நீ ஒருத்திதான். உன் வேலைக்கு இடைஞ்சல், உனக்குச் சொல்லவே கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் கேட்டாள், காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். கிளம்பி வா. லீவு தானாகக் கிடைத்தது என்று அவளிடம் சொல்.

கழுத்து வலி என்றாயே, நாற்காலியிலேயே கிடக்காதே, தினம் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து நிதானமாக மூச்சு விடு, நோய் வந்த பிறகு பழகுவது கஷ்டம். நீ நீண்ட ஆயுளோடு, நல்ல மூச்சோடு இருக்க வேண்டும், அம்மாவும் நானும் வேண்டிக்கொள்வது அதுதான்.

ஒன்றை மறந்துவிடாதே, அம்மா முன்னால் அழாதே, அவளும் அழுதால் மூச்சு வாங்கும். விமான நிலையத்துக்கு நான் வருகிறேன். அங்கேயே ஓரமாக நின்று இரண்டு பேரும் அழுது முடித்துவிட்டு வீட்டுக்கு வருவோம்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்
அப்பா