தலை இல்லாத மேடுகள்

மார்ச் 4
உடம்பிலிருந்து எடுத்து உப்புக் கரைசலில் வைத்த நண்டின் இதயம் இன்று ஐந்து மணி நேரம் அடித்தது. இரத்தம் இல்லை, உடம்பு இல்லை, ஆனாலும் வேலையை விடவில்லை. அந்தப் பிடிவாதத்தில் பாதி எனக்கு இருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

இதயத்தை நூலால் கருவியோடு கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு துடிப்புக்கும் பேனா தாளில் ஒரு மேடு வரையும். நண்டின் நரம்பு சுரக்கும் பெப்டைடை, அந்தச் சின்னப் புரதத் துணுக்கை, ஒரு சொட்டு விட்டேன். முன்னே நிமிடத்துக்கு 62 மேடு. பின்னேயும் 62.

மார்ச் 7
துறைத்தலைவர் கூப்பிட்டார். "மூணு வருஷமாச்சும்மா. பத்தொன்பதாம் தேதி கமிட்டி. இந்தச் சொட்டு இதயத்தை ஒண்ணும் செய்யலைன்னா ஆராய்ச்சியை மூடிடலாம்."
சரி சார் என்றேன்.

மார்ச் 8
62.

மார்ச் 10, ஞாயிறு
சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்களை விரித்து எண்ணிக்கொண்டிருந்தேன். நாத்தனார் வந்தாள். தையல்காரி, கழுத்தில் எப்போதும் இன்ச் டேப். எட்டிப் பார்த்தாள்.
"ஏன் அண்ணி, எல்லா மேட்டுக்கும் தலையைக் கத்தரிச்சிருக்கு?"
"அது அப்படித்தான். எண்ணிக்கைதான் முக்கியம்."
"எனக்கென்ன தெரியும்? ஆனா எதுவும் தானா இவ்வளவு ஒரே மட்டமா வளராது. யாரோ வெட்டியிருக்காங்க."
கோபம் வந்தது. படித்த திமிர், வேறென்ன. அவள் போனபிறகு தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வெட்டினது யாரு? நான்தான். எண்ண வசதியா இருக்கட்டும்னு மேடுகளைப் பெரிசாக்கி வச்சேன். பேனா மேலே போய் முட்டி, அங்கேயே நின்னு இறங்கியிருக்கு. மூணு வருஷமா. அட மக்கு!

மார்ச் 11
கருவியில் அளவைக் குறைத்தேன். மேடுகளுக்குத் தலை வந்தது. ஒரு சொட்டு விட்டேன். எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு மேடும் எழுந்து, இன்னும் எழுந்து — வேகமாக இல்லை, பலமாக அடிக்கிறது! இத்தனை நாளும் இப்படித்தான் அடித்திருக்கிறது. இதயத்திடம் மன்னிப்புக் கேட்டேன். நல்லவேளை, அறையில் யாருமில்லை.

மார்ச் 16
ஆறு நண்டு. ஆறும் அப்படியே. வெறும் கரைசல் விட்டால் ஒன்றும் இல்லை.

மார்ச் 19
தலைவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எப்படி முன்னாடியே தெரியாம போச்சு?"
"எனக்குத் தையல் தெரியாது சார்" என்றேன். விவரம் சொன்னதும் சிரித்தார். இரண்டு வருஷம் நீட்டித்திருக்கிறார்கள்.

மார்ச் 20
தாளை நாத்தனாரிடம் கொடுத்தேன். டேப்பை வைத்து அளந்தாள். "முன்னாடி முக்கால் இன்ச், அப்புறம் ஒண்ணரை. ஒரு சொட்டுக்கா, அண்ணி?" தாளை விட மனசில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"நாளைக்கு வந்து நேர்லயே பாரேன்."
"டேப் எடுத்துட்டு வரவா?"
"அது இல்லாம வராதே."