காதுகுத்துக்காகத் தள்ளிப்போட்ட ஊசி

கோவில்பதாகை,
வியாழன் காலை.

அன்புள்ள நிஷா அப்பாவுக்கு,

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

ஒரு வாரமாக வீடியோவில் நிஷாக்குட்டி, நிஷாக்குட்டி என்று தொண்டை வற்றக் கூப்பிடுகிறீர்கள். அவள் திரும்பவில்லை. மஸ்கட்டுக்குப் போன அப்பன்மேல் மகாராணிக்குக் கோபம் என்று சிரித்துச் சமாளித்தேன். பொய். அவளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.

போன மாதம் வந்ததே சளிக்காய்ச்சல், அது ஏதோ வைரஸாம். நாலாம் நாளே இரண்டு காதிலும் சீழ் வைத்துவிட்டது. மருந்தில் காய்ச்சலும் சீழும் நின்றன. ஆனால் உள்ளே நீர் தங்கியிருக்கிறதாம். பெரும்பாலும் மூன்று மாதத்தில் வற்றிவிடும், வற்றாவிட்டால் ஆபரேஷன் செய்து குட்டி ட்யூப் வைக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒன்பது மாத ஊசியை நான் போடவே இல்லை. உங்கள் பத்து நாள் லீவில் காதுகுத்து வைத்தோமே, ஊசி போட்டால் காய்ச்சல் வரும், என் தம்பி கிஷோர் மடியில் உட்காராமல் சிணுங்குவாள், போட்டோவெல்லாம் பாழாகும் என்று தள்ளிப்போட்டேன். நீங்கள் போனதும் அவளுக்குச் சளி, அப்புறம் என் சோம்பேறித்தனம். இரண்டு தடவை கேட்டீர்கள். போட்டாச்சு என்றேன். நர்ஸ் மங்களம் அம்மாவிடமும் வெளியில் போட்டுவிட்டதாகப் புளுகினேன்.

நேற்று புதன்கிழமை, சுகாதார நிலையத்தில் ஊசி நாள். தடுப்பூசி அட்டையில் காலியாகக் கிடக்கும் கட்டத்தை மங்களம் அம்மாவிடம் காட்டி அழுதேன். "சளி புட்சா கிருமி காதுல ஏறிக்கும்மா. ஒம்பது மாசத்துல போடுற நிமோனியா ஊசி அதுல கொஞ்சத்தையாவது தடுக்கும். போட்டிருந்தா வந்தே இருக்காதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா எங்கிட்ட இன்னாத்துக்குப் பொய் சொன்ன?" என்றார். விட்டுப்போன ஊசியை அங்கேயே போட்டுவிட்டார்.

மாமன் போட்ட தோடு அவள் காதில் பளபளவென்று இருக்கிறது.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், ஆனால் நாளைக்கு. வலது காது கொஞ்சம் தேவலாம் என்கிறார்கள். இன்று சாயங்காலம் போனை அந்தப் பக்கமாகப் பிடித்துக்கொள்கிறேன். அவள் திரும்பும்வரை, தயவுசெய்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள்.

உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாத,
கவிப்பிரியா