காலையில் மட்டும் பேசாத கூடை

அக். 27, திங்கள்

இரவெல்லாம் தூறல். பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில்.

செய்ய வேண்டியவை: மீட்டருக்கு பேட்டரி. நூலகப் புத்தகம் திருப்ப (நான்கு நாள் தாமதம்). அம்மாவின் மூக்குக்கண்ணாடி.

மறுபடியும் இரும்புலியூர். அடுக்குமாடிக்கு வெளிப்பூச்சு அடிக்க நாங்கள் வாடகைக்கு விட்ட பூம் லிஃப்ட், ஆளைக் கூடையில் வைத்து உயரத்துக்குத் தூக்கும் எங்கள் 4ஆம் நம்பர். காலையில் நாற்பது அடி உயரத்தில் கூடை அப்படியே நின்றுவிட்டதாம். உள்ளே ஆபரேட்டர் மணி அண்ணன். ஜாய்ஸ்டிக்கை எப்படி அசைத்தாலும் ஒன்றும் இல்லை. கீழே திரையில் 'கூடையோடு தொடர்பு இல்லை'. தரையிலுள்ள பட்டனை அழுத்தி பெயின்டர் கோபால்தான் இறக்கினார். போன வாரமும் இதே கதை.

நான் போய்ச் சேர்ந்தபோது மதியம். மீட்டர் வைத்தேன், அறுபது ஓம், இருக்க வேண்டிய அளவு. ஏற்றினேன், இறக்கினேன், நீட்டினேன். சொன்னபடி கேட்டது, நல்ல பிள்ளை மாதிரி. போன வாரம் போலவே அறிக்கையில் 'பழுது இல்லை' என்று எழுதினேன். எழுதும்போது மணி அண்ணன் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல மட்டும்தாம்மா நிக்குது. இப்ப பாரு, சோக்கா கீது."

போனில் ராஜன் சார், எங்கள் சர்வீஸ் மேனேஜர்: "மெஷினுக்கு காலை, மத்தியானம்லாம் தெரியுமா? அவருக்கு வயசாயிடுச்சு. மேல போனா பயம். பெடல்ல இருந்து காலை எடுத்தா நிக்கத்தான் செய்யும்; எடுத்துட்டு மெஷின் மேல பழி. மூணாவது தடவையும் நின்னு, நீ பழுது இல்லன்னு எழுதினா, ஆளை மாத்திடுவேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மணி அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே பார்த்தார், ஏதோ விழுந்துகிடப்பது போல. பதினோரு வருடமாக மேலே போகிறவர். மேலே போகாவிட்டால் யார்டு கேட்டில் வருகிற போகிற வண்டியை எழுதும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வேண்டும்.

அக். 28, செவ்வாய்

மழை. வேலை யார்டிலேயே. மதியத்துக்கு மேல் ஒன்றுமில்லை; தகரக் கூரையில் மழை, கைக்குச் சூடாக டீ. வரிசையாக மடங்கி நிற்கும் லிஃப்டுகள் ஏரியில் ஒற்றைக் காலில் தூங்கும் கொக்குகள் மாதிரி. சிட்லபாக்கம் ஏரியில் இந்த வருடம் கொக்கு வந்ததா? பார்க்கவேயில்லை.

இரவுச் சாப்பாட்டில் அம்மா, "அந்த மெஷின் எப்படிடி பேசும்?"

சொன்னேன். கீழே ஒரு பெட்டி, மேலே கூடையில் ஒரு பெட்டி. நடுவில் பின்னல் போல முறுக்கிய இரண்டு கம்பி. மேலே கையை அசைத்தால் அந்தச் செய்தி கம்பி வழியாகக் கீழே வரும். இரண்டு முனையிலும் ஒவ்வொரு ரெசிஸ்டர், நூற்றிருபது ஓம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீட்டர் வைத்தால், இரண்டும் இணையாக இருப்பதால் பாதியாகி அறுபது காட்ட வேண்டும்.

"அறுபது வந்தா ரெண்டு பேரும் இருக்காங்கன்னு அர்த்தம்மா. நூத்திருபது வந்தா ஒருத்தர் விட்டுட்டுப் போயாச்சு."

அம்மா ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "அப்போ நம்ம வீட்ல எவ்ளோ காட்டும்?"

அப்பாவின் நாற்காலியில் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி. நான் ரசத்துக்குத் தட்டை நீட்டினேன். அம்மா ஊற்றிவிட்டு, "அப்பளம் வேணுமா?"

அக். 29, புதன்

கனவு: மிக நீளமான இரண்டு கம்பி, தாம்பரத்திலிருந்து எங்கேயோ. ஒரு முனை என் கையில். மறுமுனையில் யாரோ சன்னமாக இழுக்கிறார்கள். யார் என்று பார்க்க நடந்துகொண்டே இருக்கிறேன், காலடியில் ஈரப் புல்.

ரயிலில் ஒரு பெண் போனில்: "நான் சொன்னேன். அவர் கேக்கல. நான் சொன்னதே இல்லைன்றார்."

ஈரப் புல். பல் தேய்த்தபோதிலிருந்து அதே நினைப்பு. பிறகு தோன்றியது: காலையில் என்ன இருக்கிறது, மதியத்தில் என்ன இல்லை? ஈரம். மணி அண்ணன் சொன்னதை நான் கேட்டேன், ஆனால் இரண்டு தடவையும் வெயில் வந்த பிறகே போய் நின்றேன். காய்ந்த துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மழையே பெய்யவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

காலையிலேயே போய்ப் பார்க்கிறேன் என்று ராஜன் சாரிடம் சொன்னேன். "போறதுன்னா போ. ஓவர்டைம்லாம் கிடையாது."

நாளை ஆறு மணிக்கு. அலாரம் 4.50.

அக். 30, வியாழன்

விட்டுவிட்டு எழுதுகிறேன். கையில் இன்னும் கிரீஸ் வாசனை.

6.10. கூடைக்குள் நானும் மணி அண்ணனும். இருவரும் பெல்ட்டைக் கொக்கியில் மாட்டிக்கொண்டோம். தரைப் பெட்டி அருகில் கோபால். "நின்னா நான் இறக்குறேன் மேடம். பழகிப்போச்சு."

ஏறினோம். மொட்டைமாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், ஒரு ஆள் பனியனோடு தோப்புக்கரணம். நாற்பது அடியில் ஊர் மூடுபனியில் பால் ஆடை மாதிரி கிடந்தது. தூரத்தில் திருநீர்மலை, அடிவாரம் இல்லாமல் மிதக்கும் வெறும் மலை. மின்சார ரயில் சத்தம் மட்டும், ரயில் இல்லை.

நின்றது.

ஜாய்ஸ்டிக்கில் மணி அண்ணன் கை, பெடலில் அவர் கால், அழுத்தமாக. நான் குனிந்து அந்தக் காலைப் பார்த்தேன். பார்த்ததை அவரும் பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"பாத்துக்கோ மா. நல்லா பாத்துக்கோ."

மின்சாரத்தை நிறுத்தினேன். பெட்டியைத் திறந்து மீட்டர் வைத்தேன். நூற்றிருபது. பெட்டிக்கு அடியில் கம்பி வந்து சேரும் கனெக்டரை லேசாக அசைத்தேன். அறுபது. விட்டேன். நூற்றிருபது. கழற்றினால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர், இணைப்பு முள் ஒன்றின் மேல் பச்சைக் களிம்பு. பாசி போல, அழகாகக்கூட இருந்தது.

உடனே கோபாலைக் கூப்பிடவில்லை. விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று மேகத்துக்குள் போய் எங்கேயோ வெளியே வந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. ஆயுத பூஜைக்கு முதல்நாள். எல்லோரும் சந்தனம், குங்குமம், மாலை என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். சர்ச்சுக்குப் போகிற பெண்ணிடம் எதைக் கொடுப்பது என்று அவர்களுக்கும் தயக்கம், எனக்கும் தயக்கம். நானே பிரஷர் ஹோஸைக் கையில் எடுத்தேன், "நான் கழுவுறேன்." 4ஆம் நம்பரின் கூடைப் பெட்டிக்கு அடியில் காய்ந்த பெயின்ட். அது போகும்வரை மிக அருகில் வைத்துப் பீய்ச்சினேன். தண்ணீர்ப் புகையில் சின்ன வானவில். சந்தோஷமாக இருந்தது. எலக்ட்ரானிக் பெட்டி பக்கம் பிரஷர் ஹோஸ் போகக் கூடாது என்று புது ஆட்களுக்கு வகுப்பு எடுப்பதே நான்தான்.

மணி அண்ணனிடம் சொன்னேன். கனெக்டரின் பச்சையைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"ரிப்போர்ட்ல மழைன்னு போடு மா. பெய்யுதுல்ல. மழையப் போய் யாரு இன்னா கேக்கப் போறாங்க?"

கோபால் இறக்கினார். கனெக்டரை வெட்டிப் புதிது போட்டு, கிரீஸ் அடைத்து மூடினேன். அறுபது.

அக். 31, வெள்ளி

அறிக்கைத் தாள். 'காரணம்' என்ற கட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம்.

மழை என்று எழுதலாம். முழுப் பொய்கூட இல்லை. ஆனால் மழை என்றால் ராஜன் சாரின் முதல் கேள்வி தெரியும்: சாயங்காலம் பெட்டிக்கு உறை போட்டது யார்? அது ஆபரேட்டர் வேலை. மணி அண்ணனுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

எழுதினேன்: 'பூஜைக்குக் கழுவியபோது கனெக்டருக்குள் தண்ணீர். கழுவியது நான். முந்தைய இரண்டு சோதனைகளும் மதியம் செய்ததால் பழுது தெரியவில்லை. ஆபரேட்டர் சொன்னது சரி.' கையெழுத்து.

ராஜன் சார் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை.

"நீயா?"

"நான்தான் சார்."

"இனிமே வகுப்பை வேற யாராவது எடுக்கட்டும்." தாளைக் கோப்பில் செருகிவிட்டு, "அடுத்த பூஜைக்கு நீ சந்தனம் வை. தண்ணி பக்கமே போகாதே."

மத்தியானம் டூட்டி போர்டில்: 4ஆம் நம்பர் – மணி.

அம்மாவிடம் சொன்னேன். "சந்தனமா?" என்று மட்டும்.

நவ. 1, சனி

இரவு நல்ல மழை. லீவு. இருந்தாலும் 6.15க்கு இரும்புலியூர், மீட்டரோடு. பெட்டியில் சொட்டச் சொட்ட ஈரம். அறுபது.

கோபால் தரைப் பெட்டி பக்கம் வரவேயில்லை; சுவரோரம் டீ. மணி அண்ணன் கூடைக் கதவைத் திறந்தார். உள்ளே ஏறினார், கதவைச் சாத்தவில்லை. திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"வர்றியா?"

எனக்கு மேலே வேலை எதுவும் இல்லை. பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.